நல்ல மருமகளின் முகத்தில் வந்த திட்டு

அறுபத்தைந்து, அறுபத்தாறு வாக்கில் நடந்தது இது. செஞ்சி கடைவீதியில் மளிகை வியாபாரம் செய்யும் ஒரு வீட்டுக்கு நான் மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் கூச்சமான விஷயம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து படியுங்கள். கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுத்தான் நான் அந்தப் பாடு பட்டேன், அதனால் இப்போது கூச்சப்படுவதாக இல்லை.

நான் பிறந்த ஊர் வல்லம். வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் கடலைக்காய்க் கொல்லை. பெண்கள் நினைத்த நேரத்துக்கு அந்தப் பக்கம் போய் வருவோம், யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. செஞ்சியில் அப்படி இல்லை. முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்னால் கிணறும் மாட்டுக்கொட்டகையும், அதை ஒட்டி அடுத்த வீட்டுச் சுவர். மாட்டுக்கு இருந்த இடம் மனுஷிக்கு இல்லை. வீட்டுப் பெண்கள் விடிவதற்கு முன் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை, கையில் செம்போடு கூட்டமாகக் கோட்டை அகழி ஓரத்து முள்புதர்ப் பக்கம் போய் வரவேண்டும். நடுவில் வயிறு கலக்கினாலும் சரி, உயிரே போனாலும் சரி, வாயைத் திறக்கக்கூடாது. ஆண்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அவர்கள் பட்டப்பகலில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார்கள். வழியில் நாலு பேரிடம் நின்று ஊர்க்கதை பேசிவிட்டும் வருவார்கள்.

புதுப்பெண்ணான எனக்கு அந்தக் கூட்டத்தில் உட்காரவே வரவில்லை. பத்தடி தள்ளி மாமியார் இருப்பார். திருவண்ணாமலை ரோட்டில் ஒரு லாரி வெளிச்சம் திரும்பினால் எல்லோரும் விருட்டென்று எழுந்து நிற்க வேண்டும். அது போனதும் மறுபடி உட்கார வேண்டும். இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்தால் யாருக்கு என்ன வரும்? போன மாதிரி பேர் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை என்பது மூன்று நாளாகி, நாலு நாளாகியது.

பகலில் வயிற்றைக் கலக்கிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்தேன். தண்ணீரைக் குறைத்தேன். செஞ்சி வெயில் தெரியும் அல்லவா? சுற்றி நிற்கிற மலையெல்லாம் மொட்டைப் பாறை. அந்த அனலில் அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரோடு காலம் தள்ளினேன். கீரை, மோர், பழம் எதுவும் தொடுவதில்லை.

இதற்கு எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? பாராட்டு. மாமியார் தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். "எங்க மருமவ மாதிரி வராது. ஒரு கைப்பிடி சோறு, ஒரு வாய் தண்ணி. பகல்ல வூட்ட வுட்டு வெளிய காலு வெக்காது." பக்கத்து வீட்டுக்காரிகள் தங்கள் மருமகள்களை என் பேரைச் சொல்லித் திட்டினார்கள். நானும் அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

முதலில் வயிறு கல்லு மாதிரி ஆனது. காலையில் எழுந்தால் வாயெல்லாம் கசப்பு. அப்புறம் கையிலும் தொடையிலும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி அரிக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் மறையும், வேறு இடத்தில் கிளம்பும். கடைசியில் இரண்டு கன்னத்திலும் வெளிறிப்போய், சொரசொரவென்று திட்டுகள் வந்தன. கண்ணாடியில் பார்க்கவே பயமாக இருந்தது.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். ஒரு வைத்தியர் ஏதோ களிம்பு கொடுத்தார், அதைத் தடவி முகம் வெந்துபோனது. ஒரு டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எட்ட இருந்து பார்த்துவிட்டு மருந்து எழுதினார். ஒருவர் என் ஜாதகத்தைக் கேட்டார். இன்னொருவர் என் அம்மா வழியில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று விசாரித்தார். நான் என்ன சாப்பிடுகிறேன், சாப்பிட்டது என்ன ஆகிறது என்று ஒரு ஆத்மா கேட்கவில்லை.

ஒரு நாள் கடைக்குப் புளி வாங்க வந்த ஒரு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மாமியார் காதைக் கடித்தாள். "மூஞ்சில வெளுப்பா இருக்குதே, பெருவியாதியா இருக்கப்போவுது, பாத்துக்கோ."

அவ்வளவுதான். பெருவியாதி என்றால் குஷ்டம். அன்று மத்தியானமே என் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. சமையல்கட்டுக்குள் வராதே என்றார்கள். மாட்டுக்கொட்டகை ஓரமாக ஒரு பாயைப் போட்டார்கள். நேற்று வரை ஊரே புகழ்ந்த மருமகள், சோற்றை எட்ட இருந்து தள்ளிவிடப்படும் ஆளாகிவிட்டேன். விஷயம் வெளியே தெரிந்தால் கடையில் யார் அரிசி பருப்பு வாங்குவார்கள் என்று மாமனாருக்குக் கவலை. வெள்ளிக்கிழமை கழித்து என்னை வல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவானது. திரும்ப அழைத்துக்கொள்வது பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் பெருவியாதி என்று பேர் வாங்கிப் பிறந்த வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அதற்கப்புறம் ஒரு வாழ்க்கை கிடையாது. கொல்லைக்கோடியில் ஒரு குடிசைதான்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் நைனா முன்னால் அவருக்கு வாய் வராது. அன்றைக்கு மட்டும் எப்படியோ வந்தது. "அனுப்புறதுக்கு முன்ன ஒரு வாட்டி காமிச்சிடலாம் நைனா" என்றார். வாரத்தில் ஒரு நாள் பெருவியாதிக்கு மருந்து கொடுக்கிறவர்கள் ஜீப்பில் வந்து, திண்டிவனம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் மேஜை போட்டு உட்காருவார்கள். அங்கே அழைத்துப்போனார்கள். யார் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதென்று மாமியார் என் தலை முகமெல்லாம் முந்தானையால் மூடிக் கூட்டிவந்தார். அந்தத் துணிக்குள் எனக்கு மூச்சு முட்டியது.

மரத்தடியில் மெலிந்த உடம்பும் தடிமனான மூக்குக் கண்ணாடியுமாக ஒரு நர்ஸம்மா இருந்தார். வெடுக்கென்று முந்தானையை விலக்கி, என் முகவாயைக் கையால் பிடித்து நிமிர்த்தினார். வெறும் கையால். நாட்கணக்காக என்னை யாரும் தொடவில்லை. எனக்கு அழுகை பீறிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழியிறகால் கன்னத்தில் இங்கும் அங்கும் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். எல்லாவற்றையும் சரியாகக் காட்டினேன். உடம்பில் அரிப்பு உண்டா என்றார். ராத்திரி பகலாக அரிக்கிறது என்றேன்.

"ஒனக்கு அந்த வியாதி இல்ல. அதுல திட்டு மரத்துப்போயிடும், எறகு தொட்டாத் தெரியாது. போ, முந்தானைய எட்த்துப் போடு" என்றார்.

அதோடு அனுப்பியிருக்கலாம், அவர் வேலை முடிந்தது. ஆனால் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றில் கை வைத்து அழுத்தினார். நான் வலியில் முனகினேன். "வெளிக்குப் போயி எத்தினி நாளாச்சு?" என்று கேட்டார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் புளியமரத்தைப் பார்த்தார். மாமியார் பெருமையாகப் பதில் சொன்னார். "அதெல்லாம் எங்க மருமவ ரொம்ப அடக்கம்மா. தண்ணி கூட நாமளா குடுத்தாத்தான் குடிக்கும்."

"அடக்கத்தையா கேட்டேன்? நாளக் கேட்டேன்" என்றார் நர்ஸம்மா.

அஞ்சு நாள் என்று முணுமுணுத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் மாமியாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "ஏம்மா, அஞ்சு நாள் தின்னது உள்ளயே கெடந்து கெட்டுப்போவுது. வயித்துல பூச்சி வேற வெச்சிருக்குது. ரத்தம் சுண்டிப்போயி கண்ணெல்லாம் வெளுத்திருக்குது. அப்பறம் தோலு மட்டும் எப்பிடிம்மா நல்லா இருக்கும்? எல்லாரும் மூஞ்சியப் பாத்தீங்களே, ஒருத்தராவது வயித்தக் கேட்டீங்களா?"

பூச்சி மருந்து கொடுத்தார். தண்ணீர் நிறையக் குடி, கீரையும் மோரும் பழமும் சாப்பிடு, காலில் செருப்பில்லாமல் அந்தப் பக்கம் போகாதே, பூச்சி பாதம் வழியாகத்தான் ஏறும் என்றார். வயிறு கூப்பிட்டால் அந்த நேரமே போக வேண்டும், மருந்தைவிட இதுதான் முக்கியம் என்று இரண்டு முறை சொன்னார். கடைசியாக என் வீட்டுக்காரரைப் பெயர் கேட்காமலே ஒரு அதட்டுப் போட்டார். "வூட்ல ஒரு கக்கூஸக் கட்டுய்யா மொதல்ல."

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். என்ன ஒரு ஏமாளி நான். என் தட்டு பேசாமல் சமையல்கட்டுக்குத் திரும்பியது, அவ்வளவுதான். மாமியார், சிங்கவரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டதால்தான் வியாதி இல்லாமல் போயிற்று என்று தெருவில் சொன்னார். மாமனாரிடம் கக்கூஸ் பேச்சை என் வீட்டுக்காரர் மெதுவாக எடுத்தார். "சாமி படம் இருக்குற வூட்ல கக்கூஸா? இன்னாடா பேசுற?" என்று அவர் ஒரே வார்த்தையில் பேச்சை மூடிவிட்டார். அதே வீட்டில் இரண்டு மாடு சாணி போட்டு மூத்திரம் பெய்துகொண்டிருந்தது. அதற்கெல்லாம் சாமி ஒன்றும் சொல்லவில்லை போலும்.

மறுநாள் உச்சி வேளையில் மருந்து வேலை செய்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமியாரிடம் போனேன். "பொழுது சாயட்டும், பொறுத்துக்கோ" என்றார்.

எனக்குள் என்னவோ அறுந்துபோனது. செம்பில் தண்ணீரை மொண்டேன். பின்பக்கச் சந்து வழியாகப் போயிருக்கலாம், போகவில்லை. வீட்டைக் கடந்து, கடைக்குள் புகுந்து, மாமனார் மூன்று பேருக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த தராசுக்குப் பக்கத்திலேயே நடந்து வாசலில் இறங்கினேன். செம்பை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டேன். செம்பும் கையுமாக ஒரு பெண் எங்கே போகிறாள் என்று அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எதிர் ஜவுளிக்கடைக்காரர் துணியை அளந்த கையோடு அப்படியே பார்த்தார். நான் அகழி வரைக்கும் போய்விட்டு, அதே வழியாக, அதே தராசைக் கடந்து உள்ளே வந்தேன்.

மாமனார் தராசைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. மாமியார்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "மானம் போவுதுடி!"

"பெருவியாதின்னு தட்ட ஒதுக்கி வெச்சீங்களே, அன்னிக்கிப் போவாத மானமா அத்தே?" என்றேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்திப் பேசிய முதல் பேச்சு அது.

அடுத்த நாளும் அதே உச்சி வேளை, அதே வழி. சிலர் சிரித்தார்கள், சிலர் காறித் துப்பினார்கள். மூன்றாம் நாள் நான் வாசலில் இறங்கியபோது எதிர் ஜவுளிக்கடை வீட்டு மருமகளும் கையில் செம்போடு இறங்கி வந்தாள். அதுவரை அவளோடு நான் நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். நாலாம் நாள் காலையில் மாமனார் கொத்தனாருக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மாட்டுக்கொட்டகையை ஒட்டிக் குழி வெட்டி, நாலு சுவர் எழுப்பி, தகரக் கதவு போட்டார்கள். கட்டி முடித்ததும் முதலில் உள்ளே போனது யார் என்று நினைக்கிறீர்கள்? என் மாமியார். காலை பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில். வெகுநேரம் கழித்து வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கினார். கணுக்காலிலிருந்து மேலே வரை கறுத்துத் தடித்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிக் காய்ந்த தோல். எந்நேரமும் அவர் புடவையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்ததால், அவ்வளவு நாளும் என் கண்ணில் அது பட்டதேயில்லை.

"நானும் இந்த வூட்டுக்கு வந்து முப்பது வருசம் ஆவுது. எனக்கும் அடக்கமான பொண்ணுன்னுதான் பேரு" என்றார். நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் மேல் சேர்த்து வைத்திருந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தடிப்பு ஒரு மாதத்தில் நின்றது. கன்னத்துத் திட்டு மறைய ஆறு மாதம் ஆனது. பூசிய களிம்பினால் இல்லை, குடித்த தண்ணீராலும் தின்ற சோற்றாலும்தான். கோபம் மட்டும் மறையவே இல்லை. ஒரு பெண் பசியையும் தாகத்தையும் வயிற்றையும் அடக்கிக்கொண்டு கிடப்பதற்கு நல்ல குணம் என்று முதன்முதலில் பேர் வைத்தது யாரோ, அந்த ஆளைத்தான் இந்த வயதிலும் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.