குடிலுக்குப் போன தெர்மாகோல்

அம்மா இருந்தாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இருந்தார். என் தம்பி இருந்தான். நான் இருந்தேன். அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி.

மாமா எங்களோடுதான் இருந்தார். பகலில் தீப்பெட்டிக் கம்பெனியில் மெஷின் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பொம்மை விமானம். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். மோட்டார் வைத்துப் பறக்கிற விமானம். கோடையில் வெறுங்காடாகக் கிடக்கிற கரிசலில் பறக்க விடுவார். விழுந்தால் வெடிப்புக்குள் மூக்கைக் குத்தி நிற்கும்.

கோயம்புத்தூரில் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். காலேஜ் பிள்ளைகளுக்கு இந்த விமானங்களைச் செய்து கொடுக்கிறவர். ஒரு ஜோடி இறக்கை செய்துகொண்டு வா, சரியாக இருந்தால் இங்கேயே தங்கி வேலைக்குச் சேர்ந்துகொள் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாமா ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இறக்கைக்கு உள்ளே தெர்மாகோல். மேலே பால்சா என்கிற மரத்தின் மெல்லிய தகடு. முருங்கையைவிட லேசு. தபாலில் வந்தது, ஒரு ஜோடிக்குத்தான் காணும். சூடேறின கம்பியால் மாமா தெர்மாகோல் கட்டியை அறுப்பார். நடுவில் இறக்கை வரும். மேலேயும் கீழேயும் துண்டுகள் மிஞ்சும்.

பசை ரெண்டு டப்பாவில் வரும், கலந்தால் சீக்கிரம் இறுகிவிடும். அன்றைக்கு ரெண்டையும் கலந்தார். தகட்டில் மெல்லிசாக இழுத்தார். தெர்மாகோலின் ரெண்டு பக்கமும் ஒட்டினார். பசை பிடிப்பதற்குள் அந்த மிஞ்சின துண்டுகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். துண்டுதான் இறக்கைக்கு அச்சு. அச்சு இல்லாமல் அமுக்கினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

"ஏட்டி, கட்டிலுக்கு அடியில கெடக்க தெர்மாகோல எடு."

குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

தம்பி மூலையைக் காட்டினான். "மாமா, பெத்லகேம் மலை."

அம்மா குடில் வைத்திருந்தாள். துண்டுகளைப் படிப்படியாக வெட்டி, கரிசலைக் கரைத்துப் பூசி, வைக்கோல் ஒட்டியிருந்தாள். கறுத்த மலைமேல் ஆட்டுக்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"எக்கா, என்னத்தச் செஞ்சு வச்சிருக்க?"

"மீந்ததுதானலே. போன வருசமும் அதுலதான மல செஞ்சேன்."

"போன வருசம் வேற. இது எம் பொழப்புல்லா?"

"கத்தாத. பாலன் பொறக்கப்போற வீடு."

"அவரு மெதுவாப் பொறக்கட்டும். எனக்குப் பசை காயுது!"

தம்பி சிரித்துவிட்டான். மாமா முறைத்ததும் என் பின்னால் ஒளிந்தான்.

அம்மாதான் உளுந்து மூட்டையை இழுத்து வந்தாள். உளுந்து எந்த வளைவுக்கும் படியும் என்றாள். போர்வையை மடித்து விரித்தோம். இறக்கைகளை வைத்து மேலே மூட்டையைச் சாய்த்தோம். தம்பி ஏறி உட்காரப் போனான். மாமா அவனைத் தூக்கி வாசலில் விட்டார்.

விடிந்ததும் மூட்டையை எடுத்தார். இடது இறக்கை சரியாக இருந்தது. வலதை மேஜைமேல் வைத்தார். ஒரு முனை மேஜையைத் தொடவில்லை. விரலால் அமுக்கினார், தொட்டது. விட்டார், எழும்பியது. வேறு தகடு இல்லை.

அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை.

முந்தின வாரம் அந்தத் துண்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது மாமா சொன்னார், "இதத் தொட்டுராதக்கா, இதுதான் முக்கியம்." அம்மா சரி என்றாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா மறந்துபோனாள் என்றே வெகுகாலம் நினைத்தேன். அப்பா மாதத்தில் சில நாள்தான் வீட்டில் தங்குவார். மற்ற நாளில் தெருவில் சத்தம் கேட்டால் எழுந்து கதவைத் திறப்பது மாமாதான். இது ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியாது. இறக்கை முறுக்கின அன்று மத்தியானம் அம்மா மாமாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மாமாவின் தட்டில் கருவாட்டுத் துண்டு கூடுதலாக இருக்கிறது என்று தம்பியும் நானும் சண்டை போட்டோம்.

அதற்கு முன்னால், காலையிலேயே, மாமா கோயம்புத்தூருக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, எறக்க முறுக்கிட்டு... இல்ல, அச்செல்லாம் இருந்துச்சு. எங் கைதான் சரியில்ல."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மாமா அவளைப் பார்த்தார்.

எவ்வளவு முறுக்கு என்று பட்டறைக்காரர் கேட்டிருக்க வேண்டும். மாமா இறக்கைக்கு அடியில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தார்.

"ஆறு மில்லிமீட்டர்."