காய்ந்த டப்பாவை யார் பார்க்கிறார்கள்?

1. கீர்த்தி நகரில் ஒரு பிளாஸ்டிக் பை

டெல்லியில் மழை பிடித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முரளிதான். பாசத்தினால் அல்ல, பொறாமையினால்.

கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் டெலிபோன், டேட்டா கேபிள் போட்டுக் கொடுத்து, பிறகு வருடாந்திர ஒப்பந்தத்தில் அதைப் பராமரிக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் அதில் சீனியர் டெக்னீஷியன். அப்பா மத்திய அரசு குமாஸ்தா என்பதால் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வெளியே பிசிறில்லாத இந்தி. முரளி எனக்குப் பிறகு திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தவன். அவன் இந்தியில் ஆண்பால், பெண்பால் எல்லாம் தலைகீழ். கேபிள்களை இணைக்கும் டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்தால் "பானி ஆ கயீ" என்பான். இந்தியில் தண்ணீர் ஆண்பால், "ஆ கயா" என்றுதான் சொல்லவேண்டும். கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, டீ வரவழைத்து, "முரளி-ஜி" என்று தோளில் கை போடுவார்கள். இத்தனை வருடமாகப் பிழையில்லாமல் பேசிவரும் என்னை ஒருவர்கூட உட்காரச் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் சர்வீஸ் ஹெட் பதவி காலியாக இருந்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டு எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்று முதலாளி வர்மா-ஜி சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும். ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் கீர்த்தி நகர் ஃபர்னிச்சர் மார்க்கெட்டிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் சேட்டி-ஜியின் போன் வந்தது. முன்னால் ஷோரூம், பின்னால் கிடங்கு. இரண்டுக்கும் நடுவே வெட்டவெளியில் கேபிள். முதல் மழைக்கே லைன் செத்து, கிடங்கில் பில் போட முடியாமல் நின்றுவிட்டது. முரளி தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். நான் போனேன்.

"முரளி வரலியா?" என்பதுதான் சேட்டி-ஜியின் முதல் கேள்வி. அவர் இந்தியில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த ஏமாற்றத்துக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

பின்சுவருக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே போடுகிற சாதாரண கேபிளை வெயிலில் இழுத்திருந்தார்கள். மேலுறை வெடித்துச் செம்பு தெரிந்தது. டப்பாவுக்கு மூடி இல்லை. அதன் மேல் ஓர் இனிப்புக் கடைப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். கேபிள் மேலிருந்து நுழைந்ததால் மழைத்தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே இறங்கியிருந்தது. இணைப்பெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் முரளி வந்து துடைத்து, டேப் சுற்றி, புதுப் பை கட்டிவிட்டுப் போவான். கேபிளுக்கு இரும்புக் குழாய் போடும் செலவுக்குச் சேட்டி-ஜி சம்மதிக்காதபோது அவனும்தான் என்ன செய்வான். ஆனால் அந்தப் பை கட்டும் வேலைக்குத்தான் அவனுக்கு அவ்வளவு பேர்.

"ஒரு சோபாவைக் கொண்டுவந்து இந்தச் சுவரோரமா மழையில போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"அது எப்படிப் போடுவேன்?"

"உங்க பில்லு பூரா இந்த மழையிலதான் கெடக்கு."

பையைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டுச் சரி என்றார். வெளியில் போடுகிற கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டேன். ரப்பர் வைத்த மூடியோடு புது டப்பா மாட்டினேன். கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைந்தது. நுழைவதற்கு முன் அதைத் தொட்டில் மாதிரி கொஞ்சம் தொங்கவிட்டேன். இதை நாங்கள் ஜூலா என்போம். ஓடிவரும் தண்ணீர் ஜூலாவின் அடிவரை வந்து சொட்டிவிடும், உள்ளே ஏறாது. வேலை முடிந்ததும் சேட்டி-ஜி கேட்டார்: "முரளி எப்ப வருவார்?"

2. வராத போன்

அடுத்த வருட மழையில் ஊரெல்லாம் லைன் செத்தது. கீர்த்தி நகரிலிருந்து மட்டும் போனே இல்லை. நான் பூரித்துப்போயிருந்தேன்.

வர்மா-ஜி கூப்பிட்டார். "முரளி போன் அடிச்சிக்கிட்டே இருக்கு. உன் போன் சும்மா கெடக்கே?"

"என் சைட் எதுவும் நனையல சார்."

"அச்சா," என்றார். அந்த அச்சாவுக்குள் ஒன்றுமே இல்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. சேட்டி-ஜி மாட்டேன் என்றுவிட்டார். வருஷம் பூராவும் ஒருத்தரும் வரவில்லை, ஒன்றும் கெடவில்லை, பிறகு ஒப்பந்தம் எதற்கு என்றாராம். முரளி துடைத்துத் துடைத்துக் காப்பாற்றிய வாடிக்கையாளரை நான் நன்றாக வேலை செய்து தொலைத்துவிட்டேன். வர்மா-ஜி அதைச் சொல்லியும் காட்டினார். பதவி முரளிக்குப் போனது.

அவன் ஸ்வீட் பெட்டியோடு நேரே என்னிடம்தான் வந்தான். "அக்கா, நீங்கதான் மொதல்ல எடுத்துக்கணும்."

எடுத்துக்கொண்டேன். அவன் கொஞ்சம் கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

3. சேட்டி-ஜியின் விரல்

சில நாள் கழித்து நல்ல மழை. ஒப்பந்தம் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. நானாகக் கீர்த்தி நகருக்குப் போய், சேட்டி-ஜியைக் குடைக்கு அடியில் பின்சுவருக்கு அழைத்துப்போனேன். மூடியைத் திறந்தேன்.

"உள்ள விரலை வச்சுப் பாருங்க."

வைத்தார். எடுத்ததும் பழக்கத்தில் விரலைக் குர்தாவில் துடைத்தார். பிறகுதான் துடைக்க ஈரமே இல்லை என்று தெரிந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே ஜூலாவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் நின்று பார்த்தார்.

"எப்பவும் இப்படியே இருக்குமா?"

"வெயில்ல இந்த ரப்பர் விறைச்சுப்போகும். பார்த்துப் பார்த்து மாத்தணும்."

"யார் பார்ப்பாங்க?"

நான் மூடியை மாட்டிவிட்டு, ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டினேன். அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு நாற்காலியும் போடச் சொன்னார். அது ஷோரூமில் விற்பனைக்கு இருந்த நல்ல நாற்காலி.

பிறகு மழை வந்தாலே என் சைட் ஒவ்வொன்றுக்கும் போய்த் திறந்து, கடைக்காரரை உள்ளே விரல் வைக்கச் சொன்னேன். ஒப்பந்தம் ஒன்றுகூட நழுவவில்லை. முரளி காதுக்கு இது எட்டியது. "அக்கா, அது என்ன விரல் வக்கிறது? எனக்கும் சொல்லுங்களேன்," என்றான். ஹெட் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா. மறுவாரமே எல்லா டெக்னீஷியனும் இதைச் செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டான்.

போன மழைக்கு நாராயணா பகுதியில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்குள் அதன் முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

"மாலூம் ஹை மேடம், மாலூம் ஹை," தெரியும் தெரியும் என்றார் சிரித்துக்கொண்டே. "முரளி டெஸ்ட்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கேபிள் கீழிருந்து நுழையட்டும். ஜூலா விடுங்கள். ரப்பரை மாற்றுங்கள். மழையில் போய்த் திறந்து காட்டுங்கள். காட்டுவதற்கு முன்னால், மறக்காமல், அதற்கு உங்கள் பெயரை வைத்துவிடுங்கள்.