எதிர் மேசைக்குப் போகும் கேள்வி

"துப்பாக்கி அப்புறம். முதல்ல கையக் காட்டு தாயி."

துப்பாக்கிச் சந்தையில் ரிவால்வர் விற்கும் டெல்பர்ட் இப்படித்தான் ஆரம்பிப்பார். வந்து நிற்பவள் ஆஸ்பத்திரி நர்ஸ். வேலை முடிந்து கார் நிற்கும் இடம் வரை தனியாக நடக்க வேண்டியிருக்கிறது, கைப்பையில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்கிறாள். ஜோசியக்காரர் மாதிரி அவள் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சின்ன ரிவால்வர் ஒன்றை எடுத்து வைக்கிறார்.

"இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. அழுத்தினா சுடும். ஒரு தோட்டா வெடிக்கலையா, இன்னொரு தடவ அழுத்து, அடுத்தது வந்து நிக்கும். பிஸ்டலா இருந்தா அந்த நேரத்துல மேல் மூடி இருக்கே, ஸ்லைடு, அதை இழுத்துத் தள்ளிக்கிட்டு நிக்கணும். பிடி தளர்ந்துச்சுன்னா தோட்டா நடுவுல சிக்கிக்கும்."

அவள் தலையாட்டி முடிப்பதற்குள் அடுத்தது வரும். "ஆனா என் பேச்சை மட்டும் நம்பாத. எதிர்ல உக்காந்திருக்கு பாரு ஒரு அம்மா, பிஸ்டல் விக்கிறது. பயத்துல கை நடுங்கறப்ப சுடாம பூட்டி வெச்சிருக்கிற அந்தக் குட்டி லீவர் எங்க இருக்குன்னு எப்படித் தேடறதுன்னு கேளு. என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போகணும், ஆமா."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் மற்ற எல்லாமே. எதிர் மேசை அம்மாள் லவோன். பல வருஷம் அவருக்கு மனைவியாக இருந்தவள்.

நர்ஸ் நடைபாதையைத் தாண்டிப் போகிறாள். டெல்பர்ட் பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றுகிற சாக்கில் காதை அங்கே வைத்திருக்கிறார். லவோனுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. "இப்ப வர்ற பிஸ்டல் பாதிக்கு மேல லீவரே கிடையாது, அந்தக் கிழவன் இன்னும் பழைய காலத்துலயே இருக்கான். வீட்டுக்குள்ள ரெண்டு பேரா வந்தா அவன் ரிவால்வர்ல இருக்கிற அஞ்சு தோட்டாவ வெச்சுக்கிட்டு என்ன பண்றதாம்? 'கொஞ்சம் இருங்கப்பா, நிரப்பிக்கிறேன்'னு சொல்லணுமாமா? போய்க் கேட்டுட்டு வா!"

பாவம், அந்தப் பெண் மூன்று தடவை நடந்தாள். கடைசியில் எந்தத் துப்பாக்கியும் வாங்காமல் வறுத்த சோளம் வாங்கிக்கொண்டு போனாள். டெல்பர்ட்டுக்கு வருத்தமே இல்லை. அன்று முழுக்க முகம் பிரகாசமாக இருந்தது.

நான் அந்த வரிசையின் கோடியில் தோலுறை விற்கிறேன். எனக்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான். ரிவால்வரானாலும் பிஸ்டலானாலும் இடுப்பில் மாட்ட என்னிடம்தான் வரவேண்டும். மாதம் ஒரு தடவை, எங்கள் மாவட்டக் கண்காட்சிக் கொட்டகையில் சனி, ஞாயிறு துப்பாக்கிச் சந்தை. கன்றுக்குட்டிப் போட்டிக்குப் பரப்பிய வைக்கோலின் வாசனை, ஒக்லஹோமாக் காற்று எவ்வளவு அடித்தாலும் அந்தக் கொட்டகையை விட்டுப் போவதில்லை.

தானாக வேலை செய்யும் எதையும் டெல்பர்ட் நம்ப மாட்டார். அவருடைய டிரக்கில் ஜன்னலைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பெல்ட்டும் கட்டுவார், கால்சட்டை நழுவாமல் அதற்கு மேல் தோளில் பட்டையும் மாட்டுவார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு" என்பார். அதே புத்தியோடு தோட்டாவுக்கும் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளலாமே என்று லவோன் ஆள் அனுப்பிக் கேட்டாள். அதற்கு மட்டும் இன்றுவரை பதில் போகவில்லை.

லவோனுக்கோ போதும் என்ற சொல்லே பிடிக்காது. சமையலறை அலமாரியில் பீன்ஸ் டப்பா மூன்று மூன்றாக நிற்கும். பதினைந்து தோட்டா போகிற பிஸ்டலைக் காட்டிவிட்டு, கூடவே தோட்டா நிரப்பிச் செருகும் மேகசின் இன்னொன்றையும் எடுத்து வைப்பாள். இந்தச் சண்டையில்தான் குடும்பம் உடைந்தது என்று எங்கள் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அது வெறும் கதை. டெல்பர்ட் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். தானியக் கிடங்கில் வேலை முடிந்து வந்தால் சாப்பாடு, செய்தி, தூக்கம். சுவரோடு பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் லவோன் சரளைச் சாலைக் கோடியில் இருக்கிற காலமான தன் அப்பாவின் வீட்டுக்குப் போனாள். அந்த டெல்பர்ட்தான் இப்போது மூச்சுவிடாமல் பேசுகிறார், அதுவும் யார் யாரோ வாய் வழியாக.

ஒருநாள் பொரித்த சோளச் சில்லுப் பையைக் கிழித்து அதிலேயே சில்லிக் கறியை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று என்னிடம் சொன்னார்: "வீட்ல இதுல பாதி பேசியிருந்தாப் போதும்ல?" அந்த மனிதர் ஏங்கிக்கொண்டிருந்தார். சந்தைக்கும் சந்தைக்கும் நடுவே உள்ள நாட்களெல்லாம் அவருக்குச் சும்மா கழிவதுதான். அவள் சொன்ன ஒரு வாக்கியம், அதுவும் திட்டு, யாரோ ஒருவர் வாயில் வந்து சேர வேண்டும். அது வந்தால் அடுத்த மாதம் வரைக்கும் தாங்கும்.

அப்படிப்பட்டவர் இந்த வசந்தத்தில் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. வந்தவர்களிடம் ரிவால்வரைக் காட்டினார், விலை சொன்னார், அவ்வளவுதான். பிஸ்டலைப் பற்றி யாராவது கேட்டால்கூட "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி" என்று கொட்டகையின் மறுகோடியில் இருக்கிற வேறொரு மேசையைக் கை காட்டினார். எதிரில் லவோன் சும்மா உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். பேச்சை மாற்றப் பார்த்தார். விடாமல் நோண்டியபோது, "அவ கையப் பாத்தியா?" என்றார்.

அப்புறம்தான் நானும் பார்த்தேன். எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துப்பாக்கியையும் அப்படியே தூக்கி இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. திறந்து, உள்ளே காலி என்று காட்டித்தான் கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் ஆனாலும் அதுதான் முறை. ரிவால்வர்க்காரருக்கு இது சுலபம், கட்டைவிரலால் தட்டினால் தோட்டா உருளை வெளியே வந்துவிடும். பிஸ்டல்காரிக்கு அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் சுருள்வில்லோடு மல்லுக்கட்டி ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். லவோனுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. முதலில் துண்டைச் சுற்றி இழுத்தாள். பிறகு "நீங்களே இழுத்துப் பாருங்க, கைக்கு ஒத்து வருதான்னு தெரியும்" என்று வியாபாரத் தந்திரம் போலச் சொல்லிச் சமாளித்தாள்.

டெல்பர்ட் அனுப்பும் ஒவ்வொரு ஆளும் அவளுக்கு ஒரு ஸ்லைடு. அதனால் அனுப்பவில்லை. அவருக்கு அவள் வாயால் ஒரு சொல் வேண்டும், ஆனால் அந்தச் சொல் வர அவள் கை வலித்தாக வேண்டியிருக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஆறிய காப்பியோடு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை, சந்தை கலையாத மத்தியான வேளையில், லவோன் எழுந்தாள். நடைபாதையைத் தாண்டி நேராக அவர் மேசைக்கு வந்து, வாங்க வந்தவள் மாதிரி நின்றாள். டெல்பர்ட் எழுந்த வேகத்தில் நாற்காலி மடங்கி விழுந்தது.

"என்ன மனுஷா, ஒரு ஆளும் வரலையே உன் பக்கத்துலேர்ந்து? வாய் மறுபடியும் பூட்டிக்கிச்சா?"

"வியாபாரம் மந்தம்."

"புளுகாத. சரி, எனக்கு ஒரு ரிவால்வர் காட்டு."

பக்கத்து மேசைத் தோட்டாக்காரர் ரஸ்டி விசிலடித்தார். "டெல்பர்ட்டு! ஜெயிச்சிட்டய்யா!"

டெல்பர்ட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "என்ன ஆச்சு?" என்றார்.

"பின்கட்டுக் கொட்டாயில பூட்டை உடைச்சு டீசலையும் சாமானையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டா, ஆள் வர்றதுக்குள்ள நான் காப்பி போட்டுக் குடிச்சு கப்பையும் கழுவி வெச்சிடலாம். வீட்ல நான் ஒருத்திதான்."

அவர் ஒரு ரிவால்வரைத் திறந்து காட்டிக் கொடுத்தார். அவள் சுவரைப் பார்த்துப் பிடித்து விசையை அழுத்தினாள். விசை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இரண்டு விரலைச் சேர்த்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பழகிடும். போட்டுக் குடு" என்றாள். "அடுத்த மாசத்துலேர்ந்து நான் மேசை எடுக்கப் போறதில்ல. ஒரு தடவயாவது நீ ஜெயிச்சதா இருக்கட்டுமே."

இத்தனை வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது கைக்கு வந்துவிட்டது. கொட்டகையில் பாதிப் பேர் சாட்சி. பணத்தை வாங்கிப் போட்டுவிட்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியலாம். டெல்பர்ட் அவள் கையிலிருந்து ரிவால்வரை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார்.

"இது உனக்கு ஆகாது."

"என்னது?"

"விசை கனம். உன் விரலுக்கு வராது." குரலை இறக்காமல், ரஸ்டிக்கும் கேட்கும்படியே சொன்னார். "கையில தெம்பில்லாதவங்களுக்கு ரிவால்வர்தான் சுலபம்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். தப்பு. உன் மேசை ஓரத்துல ஒண்ணு வெச்சிருக்கியே, ஸ்லைடு லேசா வர்ற பிஸ்டல், அதை எடுத்து தலைமாட்டுல வெச்சுக்க."

லவோன் தன் விரல் மூட்டைத் தடவிக்கொண்டாள். "அது ஒண்ணைத்தான் என்னால இழுக்க முடியுது" என்றாள். "மத்ததெல்லாம் முடியல. அதான் மேசைய விடறேன்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

அவர் தரையைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆள் வராமல் போன காரணம் அவள் முகத்தில் மெல்ல மெல்லத் தெரிந்தது.

"பைத்தியக்கார மனுஷா," என்றாள், "நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

அதற்குள் அவள் மேசையில் கோதுமைக் கதிர் சின்னம் உள்ள தொப்பி போட்ட விவசாயி ஒருவர் வந்து நின்று, "யாருமா இங்க? இந்தப் பெரிய பிஸ்டலைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்று குரல் கொடுத்தார். லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகத் திரும்பிப் போனாள். பிஸ்டலை எடுத்தாள். ஸ்லைடில் கையை வைத்தாள். விரல் வழுக்கியது. மறுபடி வைத்தாள்.

டெல்பர்ட் தன் மேசையை அப்படியே போட்டுவிட்டு நடைபாதையைத் தாண்டினார். அவள் பக்கமாகப் போய் நின்றார். பிஸ்டலை அவளிடமிருந்து வாங்கி, ஸ்லைடை ஒரே இழுப்பில் இழுத்து நிறுத்தி, உள்ளே காலி என்று குனிந்து பார்த்து, விவசாயிக்கும் காட்டினார். அந்த ஆள் கையை நீட்டிக்கொண்டிருந்தார். டெல்பர்ட் அவரிடம் கொடுக்கவில்லை. விற்பது அவள்தான் என்பது போல, திறந்த பிஸ்டலை லவோனின் உள்ளங்கையில் வைத்தார்.