ஏகாம்பரம் சார் வாங்கிய வைஸ்

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், நம்ம கணக்கு சார் போயிட்டாருங்க. அடி அண்ணாமலையில வீட்லதான் வச்சிருக்காங்களாம்" என்றார். கையிலிருந்த சாக்பீஸைக்கூடக் கீழே வைக்காமல் பஸ் ஏறினேன். இறங்கும்போது அது உள்ளங்கையில் மாவாகியிருந்தது.

அங்கே உங்களில் பல பேர் இருந்தீர்கள். அவரிடம் படித்தவர்கள், கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்கள். வலது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றுபோய், இடது கையால் போர்டில் எழுதிய மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். "கவனம் கவனம்னு நம்ம உயிர வாங்குவாரு. அவரே மிஷின்ல கவனமில்லாம கைய வுட்டுட்டாரு பாரேன்" என்றார் ஒருவர். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாருக்கு இரும்பு வேலையில் பைத்தியம். ஒரு கல்லூரிப் பட்டறை கழித்துப்போட்ட சின்ன மில்லிங் மிஷினை வாங்கி வந்து, வீட்டின் பின்னறையில் இரண்டு வருடம் பழுது பார்த்தார். கட்டர் என்ற சுழலும் வெட்டுப் பல்லால் இரும்பைச் சீவி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும் இயந்திரம் அது. ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் சீவ வேண்டிய துண்டை இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கவ்விப் பிடிக்க வைஸ் வேண்டும். அதைத்தான் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டே இருந்தார். "இன்னுமா அமையல சார்?" என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வோம். "அவசரப்படக் கூடாதுங்க டீச்சர். மிஷின் எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் புடி சரியில்லன்னா எல்லாம் வீண்" என்பார்.

கேலி செய்த நானே ஒரு நாள் அவர் முன்னால் போய் அழுதேன். என் மகள் செல்விக்குச் சிறுவயதிலேயே போலியோவில் இடது கால் போய்விட்டது. இரும்புப் பட்டையும் தோல் வாரும் சேர்ந்த காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். முட்டி மடங்காமல் பிடிக்கும் பூட்டு தேய்ந்துபோய், பள்ளிக்கூடப் படியில் எல்லார் எதிரிலும் கால் மடங்கி விழுந்தாள். மோவாய் கிழிந்தது. "நான் இனிமே ஸ்கூலுக்குப் போவலம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். புதுக் காலிப்பர் வரப் பொங்கல் தாண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பட்டறையில் பற்றவைத்தது மூன்றே நாளில் விட்டது. பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

சார் அந்தப் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெட்டி இரும்புல புதுசாவே வெட்டிடலாம். ஆனா வைஸ் வேணுமே" என்றார். அந்தச் சனிக்கிழமையே இருவரும் மெட்ராஸ் போனோம்.

பழைய சாமான் கடையில் பளபளவென்றிருந்த பெரிய வைஸைக் காட்டினேன். சார் சாணால் அளந்தார். "ஒசரம் ஜாஸ்திங்க. நம்ம மிஷின் சின்னது. இதுமேல துண்ட வச்சா கட்டருக்கு எடம் எங்க இருக்கு?" அடுத்ததில் ஒரு இரும்புத் துண்டை வைத்து, அதன் அடியில் காகிதம் சொருகி இறுக்கினார். இழுத்ததும் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "இறுக்கறப்ப தாடை மேல தூக்குது, துண்டும் கூடவே எழும்புது. காயிதத்தையே புடிக்கல, இரும்ப எப்படிங்க புடிக்கும்?" இப்படியே ஆறோ ஏழோ ஆயிற்று. "சாமான் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா சார்?" என்றார் கடைக்காரர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எம்பொண்ணு அங்க செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு இருக்கா. நீங்க காயிதத்த இழுத்துக்கினு இருக்கீங்களே சார்!" என்று கத்தினேன். "அவளுக்காகத்தாங்க இழுக்கறேன்" என்று அவர் அடுத்ததை எடுத்தார். கடைசியில், மூலையில் துருவேறிக் கிடந்த ஒரு குட்டை வைஸில் காகிதம் வரவில்லை. இழுத்த இழுப்பில் கிழிந்தது. அதையே வாங்கினோம்.

துருவைத் தேய்த்து மிஷினில் அவர் அதைப் பூட்டி முடித்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. வீட்டிலிருந்து நானே சந்தனம் அரைத்துக்கொண்டு போனேன். எல்லோரும் வெளியில் ஒரு பொட்டு வைப்பார்கள். எனக்கிருந்த தவிப்பில், அண்ணாமலையாரே என் பிள்ளையை நடக்க வையப்பா என்று வேண்டிக்கொண்டு, தாடைகளின் உட்புறமும் கெட்டியாகப் பூசினேன். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் வேலையைத் தொடங்குமுன் தாடையைத் துடைக்கத் துணி எடுத்தார். "வாணாம் சார், சாமிக்கு வச்சத அதுக்குள்ள அழிக்காதீங்க. என் கொழந்த விஷயம்" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டேன். காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கடை முழுக்கக் காகிதம் வைத்துச் சோதித்த மனிதர், "சரிங்க டீச்சர்" என்றார்.

இரண்டாவது சீவலில், தாடைக்கு நடுவே காய்ந்திருந்த சந்தனம் பொடிந்து துண்டு நழுவியது. எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கையையும் சேர்த்துக் கட்டர் இழுத்துவிட்டது. ஐயோ, அதற்குமேல் என்னால் எழுத முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன ஜட்காவில், என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "டீச்சர், யார் கேட்டாலும் எங் கவனக்குறைவுன்னுதான் சொல்லுவேன். நீங்க வாயத் தொறக்காதீங்க. நடந்தது பாப்பா காதுக்குப் போச்சுன்னா, அவ அந்தப் பூட்ட மாட்டவே மாட்டா."

புண் ஆறியும் ஆறாமலும், ஒரு மாதம் கழித்துத் தாடையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, இடது கையாலேயே அந்தப் பூட்டை வெட்டி முடித்தார். நான் அறை வாசலிலேயே நின்றேன். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை செல்வி பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். படித்து முடித்தாள். இன்று அவளும் ஒரு டீச்சர்.

செவ்வாய்க்கிழமை அவளும் சார் வீட்டுக்கு வந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "சார் மட்டும் அன்னிக்குக் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருந்தா அந்தக் கை நல்லா இருந்திருக்கும் இல்லம்மா?" என்றாள். அப்போதும் நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான். இத்தனை வருடம் அதற்குள்ளேயே ஒளிந்து வாழ்ந்துவிட்டேன். செல்வி, உன் சார் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். துடைக்க அவர் எடுத்த துணியைப் பிடுங்கியவள் உன் அம்மா.