மீதிப் பாதி

ஏழாம் மாதம் மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். பிள்ளையின் சிறுநீரகம் இரண்டும் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கின்றன, பிழைக்காது என்று டாக்டர் என் கணவரைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த கணவர் முதல் பாதியை மட்டும் சொன்னார்.

"பெருசா இருந்தா நல்லதுதானப்பா, நம்ம ஆளுக எல்லாருமே திடந்தான்" என்று பூரித்த மாமியார், சின்னாளப்பட்டி முழுக்க வளைகாப்புக்கு அழைத்தார். கை நிறையக் கண்ணாடி வளையலோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கணவர் பந்தி பரிமாறினார்.

பிள்ளை அரை மணி நேரம் இருந்தது. பிரசவம் பார்த்தவளுக்கு வளையல்களைக் கழற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். நீட்டினேன். "எனக்கு வேணாம்த்தா" என்று ஆஸ்பத்திரி ஆயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் கணவர் மீதிப் பாதியைச் சொன்னார். வளையல்களை அவர் கையில் திணித்தேன்.