அலை உடையாத இடம்

எங்கள் வீட்டில் முடிவெடுப்பது நான்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இதுவே வழக்கம். விவேக் நகரில் எந்தத் தெருவில் வாடகைக்கு இருப்பது, மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டனா சிக்கனா, எல்லாம் நான் சொல்வேன். என் வீட்டுக்காரர் “சரி” என்பார். மகள் படிக்க வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு கடற்கரைக்குப் போவோம் என்று முடிவு செய்ததும் நான்தான். அதற்கும் சரி என்றார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மங்களூர் தாண்டி, ஆறு கடலில் சேரும் ஒரு சின்ன ஊரில் இறங்குவோம். ஞாயிற்றுப் பூசை தவறக் கூடாதே என்று சனிக்கிழமை சாயங்காலமே அங்குள்ள மாதா கோயிலுக்குப் போய்விடுவோம். பூசை கொங்கணியில் நடக்கும். ஒரு வார்த்தை புரியாது. எழுந்திருக்கும்போது எழுந்து, முட்டி போடும்போது முட்டி போட்டுவிட்டு வருவோம்.

அந்த ஊரில் அலைச்சறுக்கு சொல்லிக் கொடுக்கிறார்கள். நாற்பத்தாறு வயதில், ஸ்கூல் டீச்சர், கடலில் பலகை மேல் ஏறி நிற்கப் போகிறாளாம் என்று என் தங்கை சிரித்தாள். சிரிக்கட்டும். முதல் மாதம் பலகைமேல் குப்புறப் படுத்துக் கடல் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம். மூன்றாவது மாதம் எழுந்து நின்றேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி முடிப்பதற்குள் விழுந்துவிடுவேன், ஆனாலும் நின்றேன். அந்தச் சில நொடிகளுக்காக மாதம் முழுக்க நூற்றுச் சொச்சம் நோட்டுகளைத் திருத்தலாம்.

அவர் தண்ணீர்ப் பக்கமே வரமாட்டார். கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். ஆலாப் பறவைகள் தலைகீழாகக் கடலில் விழுந்து மீன் பிடிப்பதைப் பார்ப்பார். நீர்நாய் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒன்றரை மணி நேரம் ஒரே பாறையில் உட்கார்ந்திருந்தார். வந்தது, நான்கு நீர்நாய்கள். ஒன்று மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்ற சத்தம் கரை வரைக்கும் கேட்டது என்று அன்றைக்கெல்லாம் அதையே சொன்னார். எங்கள் ஊர்ப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதனை வேலை, செய்து வரும் பாகங்களில் குறை பார்ப்பது. முடியளவு கீறல் இருந்தாலும் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவாராம், மேனேஜர் கத்தினாலும் அசைய மாட்டாராம். அவரோடு வேலை செய்பவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டில் அந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

எனக்கு அதுதான் ஆத்திரம். இவ்வளவு தூரம் வந்து அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வீட்டில் இரண்டே பேர் மிஞ்சியிருக்கிறோம், தண்ணீரிலாவது சேர்ந்து நிற்கலாமே என்று ஆசைப்பட்டேன். ஆசையை ஆசையாகச் சொல்ல எனக்கு எப்போது தெரிந்தது? கடிந்துகொண்டேதான் சொன்னேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பயிற்சியாளர் பலகைகளை உறையில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தார். தான் வரும்வரை இறங்க வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை ஏது? கரையோரமாக நடந்து பார்த்தேன். எங்கும் அலை வெள்ளையாக உடைந்து இரைந்துகொண்டிருந்தது. நடுவே ஓர் இடத்தில் மட்டும், ஒரு ரோட்டகலத்துக்கு, அலையே இல்லை. எங்கள் ஊர் அல்சூர் ஏரித் தண்ணீர் போலச் சமமாகக் கிடந்தது. நான் பிறந்து வளர்ந்து பார்த்த தண்ணீரெல்லாம் ஏரித் தண்ணீர்தான். அசையாத தண்ணீர் ஆபத்தில்லாத தண்ணீர் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மிதவைச் சட்டையை நானே மாட்டி, பட்டைகளை இறுக்கிவிட்டேன். அவர் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

“சும்மா நின்னு வேடிக்கை பாக்காதீங்க. ஜல்தி இறங்குங்க, இடுப்பளவுதான்” என்றேன்.

இறங்கினார். நான்கு எட்டு வைத்திருப்பார். ஐந்தாவது எட்டில் காலுக்குக் கீழே தரை இல்லை. பிறகு பார்க்கிறேன், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல அவர் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறார். சத்தம் கூடப் போடவில்லை. ஆரஞ்சு நிறச் சட்டை மட்டும் சின்னதாகிக்கொண்டே போனது. குழந்தை யேசுவே என்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினேன். பயிற்சியாளர் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, பலகையோடு அந்த அமைதியான தண்ணீரிலேயே பாய்ந்தார். அது அவரையும் அதே வேகத்தில் கொண்டுபோனது. என் வீட்டுக்காரரை எட்டிப் பிடித்து, பலகையைப் பற்ற வைத்து, நேராகக் கரைக்கு வராமல் பக்கவாட்டில் வெகுதூரம் போய், அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடே கரை சேர்த்தார்.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. எனக்குப் போட வேண்டிய திட்டுகளையெல்லாம் பயிற்சியாளர் மிச்சமில்லாமல் போட்டார். அலை உடைகிற இடம்தான் ஆழமில்லாத இடமாம். உடையாத இடத்தில் ஆழம். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புமாம். வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அறைத் திண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கடலைப் பார்த்தபடி, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

“நுரையும் குப்பையும் அந்த எடத்துல உள்ளாற போய்ட்டே இருந்துச்சு. நான் பாத்தேன்.”

“பாத்தீங்களா? பாத்துட்டு ஏன் இறங்குனீங்க?”

“நீ சொன்னியே.”

இருபத்திரண்டு வருஷத்துச் “சரி”களும் என் காதில் வந்து விழுந்தன. அவற்றில் எத்தனை சரி, எத்தனை சண்டை வேண்டாம் என்ற பயம் என்று கேட்டேன். அவர் யோசித்தார். குறை பார்ப்பவர் அல்லவா, சும்மா சமாதானத்துக்குச் சொல்ல வரவில்லை.

“பாதி இருக்கும்” என்றார்.

நான் அழுதேன். அவரைக் கடல் இழுத்தபோது கூட அப்படி அழவில்லை. இந்த மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தது கடலல்ல, என் வாய்.

அடுத்த மாதமும் போனோம். போகலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போனோம். காலையில் கடற்கரையில் நின்று, இறங்கலாமா என்று அவரைக் கேட்டேன். கேட்க எனக்கு நாக்கு கூசியது. அவர் பைனாகுலரை எடுத்து இடமும் வலமும் நிதானமாகப் பார்த்தார்.

“இன்னைக்கு வேணாம்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கோபத்தோடேயே மணலில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். பயிற்சியாளர் வந்தார், கடலைப் பார்த்தார், இந்த மாதத்திலேயே இதுதான் நல்ல நாள் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேரை இறக்கிவிட்டார். பத்துப் பேரும் மத்தியானம் வரை சிரித்துக்கொண்டு அலையேறினார்கள். என் வீட்டுக்காரர் முகம் சிறுத்துப்போய், நீ வேணா போயேன் என்றார்.

நான் போகவில்லை.