சருகைத் திருடுபவர் யார்?

போன வாரம் என் வீட்டு வாசலில் ஒரு களவு நடந்தது. களவு போனது என்ன தெரியுமா? சருகு.

சிரிக்காதீர்கள். இலை கொட்டும் இந்த மாதத்தில் இடுப்பை நிமிர்த்தவிடாத நாரிப்பிடிப்பைப் பற்றி ரொறன்ரோவில் வீட்டோடு வளவும் வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளிப் பைப்பைப் பூட்டி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, ஏணியில் ஏறிக் கூரைப் பீலியில் அடைத்திருந்ததைக் கிண்டி, முன் மேப்பிள் மரம் கொட்டியதையெல்லாம் வாரி, ஆறு கடதாசிப் பைகளில் அடைத்து றோட்டோரம் வைத்தேன். விடியப் பார்த்தால் நாலுதான் நிற்கிறது. குப்பை லொறி இன்னும் வரவேயில்லை.

பார்சல் திருடுவார்கள். கார் திருடுவார்கள். சருகை யார் திருடுவார்? அதுதான் எனக்கு உறுத்தியது. பெறுமதியான சாமான் போனால் காரணம் தெரியும். ஒன்றுக்கும் உதவாதது போனால்... உள்ளே ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது.

என் கண் உடனே பக்கத்து வீட்டுக்குப் போனது. நேசன் இந்தக் கோடையில்தான் எங்கள் வெக்ஸ்போர்ட் பகுதிக்குக் குடிவந்தவர். ஊரில் அச்சுவேலிப் பக்கம். வந்த அன்றே வேலிக்கு மேலால் எட்டி, “அண்ணை, உங்கட ஃபோன் நம்பரை ஒருக்காத் தாங்கோ” என்று கேட்டார். இந்த நகரத்தில் முன்பின் தெரியாத தமிழர் நம்பர் கேட்டால் அவர் யார்? வீடு விற்பவர், இன்சூரன்ஸ் விற்பவர், அல்லது மகள் பெரியவளான சாமத்திய வீட்டுக்குக் கூப்பிடப் போகிறவர். நானா அகப்படுவேன்? கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சருகு காணாமல் போன அன்று பின்னேரம், அவருடைய பின்வளவில் மண்வெட்டிச் சத்தம். மெல்ல எட்டிப் பார்த்தேன். நேசன் குழி வெட்டிக்கொண்டிருந்தார். காதில் ஃபோன்.

“ரெண்டைத் தாட்டாச்சு. இன்னும் இடம் கிடக்கு. ஓம்... பக்கத்து வீட்டு அண்ணைக்கு இன்னும் சொல்லேல்லை.”

தாட்டல் என்றால் புதைப்பது. நான் யாழ்ப்பாணம் டவுனில் வளர்ந்தவன். எங்கள் ஒழுங்கையில் அந்தச் சொல் செத்த நாய்க்கு மட்டும்தான். ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன்.

“உங்களுக்கு விசர்,” என்றாள் அவள். “முதல்ல அந்தக் கறிவேப்பிலையைத் தூக்கி உள்ளுக்கு வையுங்கோ. குளிர் வருது.”

“நாளைக்கு வைக்கிறன்.”

அந்தக் கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மகள் கல்கரிக்கு வேலைக்குப் போன வருஷம், பிக்கரிங்கில் ஒரு சிநேகிதி மனைவிக்குக் கொடுத்த இரண்டிலைக் கன்று அது. இப்போது அவள் தோள் உயரம். காலையில் அதனுடன் கதைப்பாள் — என்னுடன் கதைப்பதைவிட நீளமாக. ஒரேயொரு உறைபனி போதும், கரிந்துவிடும். வருஷா வருஷம் அந்தப் பாரச் சட்டியை உள்ளே தூக்கி வைப்பது என் பொறுப்பு.

நான் சொன்ன அந்த நாளை வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக மொன்றியலுக்குப் புறப்பட்டோம். ஞாயிறு திரும்பி வரும்போது கார் றேடியோவில், ரொறன்ரோவில் நேற்றிரவு இந்த வருஷத்தின் முதலாவது உறைபனி என்றார்கள். மனைவி றேடியோவை நிறுத்தினாள். நான் காரின் வேகத்தைக் கூட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பின்னால் போனாள். தக்காளிச் செடிகள் கறுத்துத் தொங்கின. கறிவேப்பிலை நின்ற இடத்தில் வட்டமாக ஓர் அடையாளம் மட்டும். சட்டியையே காணவில்லை.

“செத்துக் கிடந்தாலும் கண்ணாலயாவது பாத்திருப்பன்,” என்றாள் மெதுவாக. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். நேரே போய் நேசன் வீட்டுக் கதவைத் தட்டினேன். சருகு, குழி, சட்டி என்று கேள்விகளையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

கதவு திறந்தது. அவருக்குப் பின்னால், ஹோலில், ஜன்னலடியில், ஒரு பழைய துவாயின் மேல் எங்கள் சட்டி. ஒரு இலைகூட வாடவில்லை.

“வந்திட்டியளோ அண்ணை? ஃப்ரொஸ்ட் எண்டு சொன்னவங்கள். உங்கட கதவைத் தட்டிப் பாத்தன், ஆக்களில்லை. பிறகு நானும் மனிசியுமாத் தூக்கிக்கொண்டு வந்திட்டம். நல்ல பாரம்.”

அதோடு நான் நன்றி சொல்லித் திரும்பியிருக்கலாம். ஆனால் சந்தேகம் லேசில் போகிற வியாதியா? “அந்தச் சருகுப் பை...” என்று இழுத்தேன்.

“ஐயோ, அதைச் சொல்லோணும் எண்டு இருந்தனான். நீங்கள் குப்பையெண்டு வெளியில வைச்சிருந்தியள். எனக்கு உது பசளை. ஊரில தோட்டத்துக்குக் குழை தாட்டுப் பழகின கை, சும்மா இருக்குதில்லை. வாற வருசம் அதில கத்தரி வைப்பன். உங்களுக்கும் தாறன்.”

இலைதழையை மண்ணுக்குள் புதைத்துப் பசளையாக்குவதும் தாட்டல்தானாம். டவுன்காரனுக்கு எங்கே தெரியும்?

“உங்களுக்கு ஃபோன் அடிச்சும் பாத்தனான் அண்ணை,” என்றார் அவர். “ஆரோ ஒரு வெள்ளைக்கார மனிசி எடுத்து ஏசிப்போட்டா.” ஃபோனை எடுத்துத் திரையைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“நான்தான் ஒரு இலக்கத்தைப் பிழையா எழுதிப்போட்டன் போல. குறை நினைக்காதேங்கோ. இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

கோடை முழுக்க நான் அவரைச் சந்தேகித்தேன், ஒரு காரணமும் இல்லாமல். என்னைச் சந்தேகிக்க நல்லதொரு காரணம் அவர் கையிலேயே இருந்தது. மனிதர் சந்தேகித்ததோ தன்னைத்தான்.

சொன்னேன். பத்து இலக்கமும், ஒவ்வொன்றாக. கடைசி இலக்கத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னேன்... அவர் திரும்பவும் பிழையாக எழுதிவிடக் கூடாதே.